ஒரு சைக்கிள், இரண்டு பந்தயம்



இம்முறை நம் பகுதிக்கு வந்த கடிதங்களில் ஒன்று சற்றுப் புதுமையான கேள்வியைச் சுமந்து வந்திருக்கிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது பட்டணத்து அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். இரண்டு ஆண்டுகளாக ஓவர்டைம் பார்த்து ஒரு தொகை சேர்த்திருக்கிறான். நீந்தத் தெரியும், ஓடத் தெரியும். ஞாயிறுதோறும் இரவல் சைக்கிளில் ஒரு குழுவோடு போய் வருகிறான். இப்போது சொந்தமாகச் சைக்கிள் வாங்கி, சாலைப் பந்தயத்திலும் ஓட்ட வேண்டும், டிரையத்லான் போட்டியிலும் இறங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான்.

நண்பர் ஒருவர் தாம் பயன்படுத்திய டிரையத்லான் சைக்கிளை மலிவாகத் தருவதாகச் சொல்கிறாராம். அந்த மலிவு விலையே பிள்ளையின் சேமிப்பு முழுவதையும் விழுங்கி, மேலும் கடனுக்கு வழி காட்டுகிறது. "ஐயா, இரண்டுக்கும் உதவுகிற ஒரே சைக்கிள் உண்டா? அல்லது பிள்ளை காசைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பானா?" என்று அந்தத் தாய் கேட்கிறார்.

சகோதரிக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கும் உதவும் சைக்கிள் உண்டு. அது சாலைப் பந்தயச் சைக்கிள்தான். அதை எடுத்துக்கொண்டு டிரையத்லானுக்குப் போகலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். டிரையத்லான் சைக்கிளை எடுத்துக்கொண்டு சாலைப் பந்தயத்துக்குப் போனால் புறப்படும் கோட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே நண்பர் தருகிற விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், தம்பிக்கு அது பாதிச் சைக்கிள்தான். காரணத்தை இனி விளக்கமாகப் பார்ப்போம்.

இரண்டும் எங்கே வேறுபடுகின்றன?

டிரையத்லான் என்பது நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைநிறுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் போட்டி. 1978-ஆம் ஆண்டு ஹவாயில் 15 பேர் புறப்பட்டு, 12 பேர் முடித்த ஒரு போட்டியிலிருந்துதான் 'அயர்ன்மேன்' என்ற பெயர் உலகுக்குத் தெரிந்தது. அதில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.195 கிலோமீட்டர் ஓட்டம். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் முதன்முறையாக இடம்பெற்றது. ஒலிம்பிக் அளவு 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். நம் நாட்டில் லங்காவியில் அயர்ன்மேன் போட்டியும் நடந்திருக்கிறது. அதே தீவின் பெயரால் 1996-இல் தொடங்கிய சாலைப் பந்தயமும் இருக்கிறது. எனவே இந்த இரண்டு ஆசையும் ஒரே பிள்ளைக்கு வருவதில் வியப்பில்லை.

சாலைப் பந்தயத்தில் அத்தனை பேரும் ஒன்றாகப் புறப்பட்டு, ஒருவர் பின்னால் ஒருவராக, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் ஒரு முழம் கூட இடைவெளி இல்லாமல் போவார்கள். காரணம் காற்று. சமவெளியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் செலவழிக்கும் சக்தியில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. முன்னால் போகிறவனின் மறைவில் ஒண்டிக்கொண்டால் அந்த உழைப்பில் கால் பங்குக்கும் மேல் மிச்சம்.

பொதுமக்கள் கலந்துகொள்ளும் டிரையத்லான் போட்டிகளில் பெரும்பாலும் இப்படி ஒண்டிப் போவது குற்றம். போட்டியின் விதிக்கேற்ப 10 அல்லது 12 மீட்டர் இடைவெளி விட்டுத்தான் போக வேண்டும். மீறினால் தண்டனை நேரம் உண்டு. காற்றோடு தனியாகப் போராட வேண்டியிருப்பதால் உடம்பையே குறுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்காகச் செய்யப்பட்டதே டிரையத்லான் சைக்கிள். அதன் ஹேண்டலின் நடுவில் இரண்டு கம்பிகள் முன்னே நீண்டிருக்கும். முழங்கைகளை அவற்றின் அடியிலுள்ள மெத்தைகளில் ஊன்றி, கைகளை ஒடுக்கி, தலையைத் தாழ்த்தி ஓட்டுவார்கள். சீட்டைத் தாங்கும் குழாய், சாலைச் சைக்கிளில் ஏறக்குறைய 73 பாகைச் சாய்வில் இருக்கும். டிரையத்லான் சைக்கிளில் அதைவிட நிமிர்ந்து, 76 முதல் 80 பாகை வரை போகும். ஓட்டுபவன் முன்னே தள்ளி உட்காருவதால், குனிந்தாலும் தொடை வயிற்றில் இடிக்காது.

இங்கேதான் அபாயத்தைக் கவனிக்க வேண்டும். டிரையத்லான் சைக்கிளில் கியர் மாற்றும் விசை நீண்ட கம்பிகளின் நுனியில் இருக்கும். பிரேக்கோ பக்கவாட்டுக் கைப்பிடியில் இருக்கும். குனிந்து ஓட்டும்போது கை பிரேக்கில் இல்லை. தனியாகப் போகும்போது இது பெரிய குறையாகத் தெரியாது. நாற்பது ஐம்பது பேர் நெருங்கிப் போகும் கூட்டத்தில் முன்னால் ஒருவன் திடீரென வேகத்தைக் குறைத்தால், கையை எடுத்துப் பிரேக்கைப் பிடிப்பதற்குள் பத்துப் பேர் தரையில் கிடப்பார்கள். ஆகவேதான் கூட்டமாகப் புறப்படும் சாலைப் பந்தயங்களில் இந்த நீண்ட கம்பிகளுக்கு இடமில்லை. கம்பி இல்லாமலே முன்கைகளை ஹேண்டல்மீது ஊன்றி ஓட்டும் பழக்கத்தையும் உலகச் சைக்கிளோட்டச் சங்கம் 2021 ஏப்ரல் முதல் தடை செய்துவிட்டது.

டிரையத்லானிலும் ஒலிம்பிக் போன்ற உயர்நிலைப் போட்டிகளில் ஒண்டிப் போக அனுமதி உண்டு. அங்கே அவர்கள் ஓட்டுவது எது தெரியுமா? வளைந்த ஹேண்டல் கொண்ட சாலைச் சைக்கிள்தான்! கூட்டம் என்று வந்துவிட்டால் எந்தப் போட்டியானாலும் பிரேக்கின்மேல் கை இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும்.

கம்பியின் மகிமை

நீண்ட கம்பியால் பலன் இல்லை என்று நான் சொல்லவில்லை. 1989-ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டுப் பெரும் பந்தயத்தின் கடைசி நாள். அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட், பிரெஞ்சு வீரர் லாரன்ட் ஃபின்யோனைவிட 50 விநாடி பின்தங்கியிருந்தார். அன்று ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடிகாரத்தை எதிர்த்து 24.5 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். டிரையத்லான்காரர்களிடமிருந்து வந்த கம்பியை லெமாண்ட் தம் சைக்கிளில் பொருத்திக்கொண்டார். ஃபின்யோன் பொருத்தவில்லை. மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பந்தயம் கடைசியில் 8 விநாடி வித்தியாசத்தில் லெமாண்டின் கைக்கு வந்தது. வெற்றிக்குக் கம்பி ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. அவருடைய கால்களும் காரணம். ஆனாலும் உலகம் அந்தக் கம்பியைத் திரும்பிப் பார்த்தது அன்றுதான்.

இதில் நமக்குப் பாடம் ஒன்று உண்டு. கம்பி என்பது கழற்றி மாட்டக்கூடிய பொருள். சாலைச் சைக்கிள் வாங்கிய பிறகு, ஹேண்டலில் திருகி மாட்டும் கம்பிகளைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். தனியாக ஓட்டும் டிரையத்லானுக்கு மாட்ட வேண்டும். சாலைப் பந்தயத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைக் குழு ஓட்டத்துக்கும் கழற்றிவிட வேண்டும். அதில் பழகிய ஒருவனுக்கு 40 கிலோமீட்டரில் ஓரிரு நிமிடம் மிச்சமாகலாம். முழு டிரையத்லான் சைக்கிள் தருகிற ஆதாயத்தில் பெரும்பகுதியை இந்தச் சிறிய செலவே தந்துவிடும். காற்றை மறிப்பதில் பெரும்பங்கு சைக்கிளுடையதன்று, ஓட்டுகிறவன் உடம்புடையது. உடம்பைக் குறுக்கினாலே பாதி வேலை முடிந்தது.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

முதலில் அளவு. பள்ளிச் சீருடையை அடுத்த வருடத்துக்கும் சேர்த்துப் பெரிதாகத் தைப்பது நம் வழக்கம். சைக்கிளில் அந்தக் கணக்கு செல்லாது. பெரிய ஃப்ரேம் வாங்கினால் முதுகும் கழுத்தும் வலிக்கும். மிகச் சிறியது வாங்கினால் முழங்கால் கெடும். தம்பி வெறுங்காலுடன் சுவரில் சாய்ந்து நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கிடையே மேலே முட்டும்வரை வைத்து, தரையிலிருந்து அதன் மேல் விளிம்பு வரை அளக்கட்டும். அந்த அளவை 0.883-ஆல் பெருக்கினால், பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பகுதி வரை இருக்க வேண்டிய உயரம் ஏறக்குறையக் கிடைக்கும். கால் அளவு 80 செண்டிமீட்டர் என்றால் சீட் உயரம் 70.6 செண்டிமீட்டர். இது தொடக்கக் கணக்குதான். ஓட்டிப் பார்த்து ஓரிரு மில்லிமீட்டராகத் திருத்திக்கொள்ள வேண்டும். சைக்கிளில் உடம்பைச் சரியாகப் பொருத்தித் தரத் தெரிந்த கடைக்காரர் கிடைத்தால், அதற்குக் கொடுக்கும் கூலி வீண் போகாது.

இரண்டாவது, ஹேண்டல். இப்போது வரும் விலையுயர்ந்த சைக்கிள்கள் பலவற்றில் ஹேண்டல் தட்டையாக இறக்கை போல இருக்கிறது. ஒயர்களெல்லாம் உள்ளே மறைந்திருக்கின்றன. பார்வைக்கு அழகு. ஆனால் அதில் கம்பியை மாட்ட இடமிருக்காது. ஒயர் மாற்றும் கூலியும் அதிகம். இரண்டு பந்தயத்துக்கும் ஒரே சைக்கிள் என்றால், நடுப்பகுதி உருண்டையான சாதாரண அலுமினிய ஹேண்டலே நல்லது. சீட்டைத் தாங்கும் தண்டும் உருண்டையாக இருக்கட்டும். சீட்டைச் சற்று முன்னே தள்ளவும், தேவையானால் தண்டையே மாற்றவும் வசதிப்படும்.

மூன்றாவது, எடை. கடையில் எல்லாரும் தூக்கிப் பார்ப்பது இதைத்தான். ஒரு கணக்குப் போடுவோம். தம்பியின் எடை 62 கிலோ, சைக்கிள் 9 கிலோ, மொத்தம் 71. சைக்கிளில் 1 கிலோ குறைத்தால் மொத்தத்தில் 71-இல் ஒரு பங்குதான் குறைகிறது. கெந்திங் மலை போன்ற செங்குத்தான ஏற்றத்தில் ஒரு மணி நேரம் ஏறுகிறவனுக்கு அதனால் ஏறக்குறைய 50 விநாடி மிச்சம். சமவெளியில் அதன் பலன் கண்ணுக்கே தெரியாது. அந்த 1 கிலோவுக்காகச் சில ஆயிரம் வெள்ளி கூடுதலாகக் கொடுப்பது, மலைப் பந்தயத்தில் முதல் வரிசையில் ஓட்டுகிறவனுக்குப் பொருந்தும். தொடக்கக்காரனுக்கு அலுமினிய ஃப்ரேமும் கார்பன் ஃபோர்க்கும் கொண்ட சைக்கிளே போதும்.

நான்காவது, கியரும் டயரும். முன்னால் 50, 34 பற்கள். பின்னால் பெரிய பல்சக்கரம் 30 பற்களாவது இருக்க வேண்டும். மலையில் உதவுவதோடு, டிரையத்லானில் ஓட்டம் இன்னும் பாக்கி இருப்பதால் தொடையைக் காப்பாற்றவும் உதவும். டயர் 25 முதல் 28 மில்லிமீட்டர் வரை அகலமாக இருக்கட்டும். செம்பனை லாரிகள் போகும் சாலையில் ஊசி போன்ற டயர் ஆகாது.

ஐந்தாவது, பிரேக். சைக்கிள் என்றாலே தாய்மாருக்கு வயிற்றைக் கலக்குவது இயல்பு. 2017 பிப்ரவரி 18 அதிகாலை, ஜொகூர் பாரு சாலையில் மாற்றியமைத்த சைக்கிள்களில் போன எட்டுப் பிள்ளைகள் கார் மோதி மாண்டதை நாம் மறக்கவில்லை. பந்தயச் சைக்கிளின் ஒழுங்கு வேறு. முன்னும் பின்னும் பிரேக் சரியாகப் பிடிக்காத சைக்கிளுக்குப் பந்தயத்தில் இடமில்லை. மாலையில் திடீரென மழை கொட்டும் நம் நாட்டில் டிஸ்க் பிரேக் நனைந்தாலும் நன்றாகப் பிடிக்கும். ரிம் பிரேக் கொண்ட பழைய சைக்கிள்கள் இப்போது விலை குறைந்து கிடைக்கின்றன, அவையும் நல்லவையே. நனைந்த ரிம்மில் பிரேக் பிடிக்கச் சிறிது நேரம் எடுக்கும் என்பதை மட்டும் ஓட்டுகிறவன் நினைவில் வைக்க வேண்டும்.

பழையது வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு. கார்பன் ஃப்ரேம் ஒருமுறை பலமாக அடிபட்டிருந்தால் விரிசல் உள்ளே ஒளிந்திருக்கும். வெளியே பூச்சு பளபளக்கும். விழுந்த சைக்கிளா என்று நேரடியாகக் கேட்க வேண்டும். ஃபோர்க்கும் பெடல் அச்சைச் சுற்றிய பகுதியும் தெரிந்தவர் ஒருவர் கண்ணில் படாமல் காசு கொடுக்கக் கூடாது. அலுமினியத்தில் பற்றவைப்பு ஓரங்களையும், வியர்வை சொட்டி அரித்த திருகாணிகளையும் பாருங்கள்.

செயினைச் சோதிக்கத் தச்சர் வைத்திருக்கும் அளவுநாடா போதும். புதுச் செயினில் 24 ஊசி இடைவெளிகள் சரியாக 12 அங்குலம் வரும். அது 12 அங்குலத்தைவிட அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தால் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

காசைப் பிரிக்கும் விதம்

சேமிப்பைப் பத்துப் பங்காக்கிக்கொள்ளட்டும். ஏழு பங்குக்குமேல் சைக்கிளுக்குப் போகக் கூடாது. மிச்ச மூன்று பங்கில் தலைக்கவசம் முதலில் வரவேண்டும். பழைய தலைக்கவசம் வாங்கவே கூடாது. அது எத்தனை அடி வாங்கியது என்று யாருக்கும் தெரியாது. அடுத்து காலணியும் பெடலும், முன்பின் விளக்குகள், காற்றடிக்கும் பம்ப், மாற்று டியூப், பிறகு கம்பிகள். போட்டிக் கட்டணத்துக்கும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும். காசு முழுவதையும் சைக்கிளில் கொட்டிவிட்டு, கட்டணம் கட்ட வழியின்றி வரவேற்பறையில் நிறுத்தி வைத்த சைக்கிளுக்கு என்ன பெருமை?

பருத்த ரிம் கொண்ட சக்கரங்களை இப்போது நினைக்க வேண்டாம். பக்கக் காற்றில் அவை சைக்கிளைத் தள்ளும்; விலையும் அதிகம். நாலைந்து போட்டி ஓட்டிய பிறகு, எந்தப் பந்தயத்தில் மனம் நிற்கிறது என்று தெரியும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கடன் மட்டும் வேண்டாம், சகோதரி. சம்பளம் வாங்கும் பிள்ளைக்கு மாதத் தவணை ஒரு சுமையாகத் தோன்றாது. ஆனால் பயிற்சிக்கு வேண்டியது நேரமும் தூக்கமும். தவணைக்காக மேலும் ஓவர்டைம் பார்க்கிறவன் விடியற்காலை எப்படிச் சைக்கிள் மிதிப்பான்? கடனில் வாங்கிய சைக்கிள், ஓட்டுவதற்கான நேரத்தையே அவனிடமிருந்து பறித்துவிடும்.

தம்பிக்குச் சில சொற்கள்

இரண்டு போட்டிக்கும் உட்காரும் முறை வேறு. டிரையத்லானுக்குக் கம்பி மாட்டும்போது சீட்டை ஒன்றிரண்டு செண்டிமீட்டர் முன்னே தள்ள வேண்டிவரும். முன்னே தள்ளினால் உயரத்தையும் சிறிது ஏற்ற வேண்டிவரும். முழங்கை மெத்தையைத் தொடக்கத்தில் தாழ்த்தாதே. தொடை வயிற்றில் முட்டினால் மூச்சு வாங்கும், பிறகு ஓட்டத்தில் கால் வராது. இரண்டு நிலைகளின் அளவையும் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வை. தண்டில் இரண்டு நிறத்தில் ஒயர் டேப் ஒட்டி அடையாளம் செய். போட்டிக்கு முதல் நாள் எதையும் மாற்றாதே. இரண்டு வாரம் முன்னதாக மாற்றிப் பழகு. கம்பியில் குனிந்து ஓட்டும் பழக்கத்தைப் போக்குவரத்து இல்லாத சாலையில், பகல் வெளிச்சத்தில் தனியாகக் கற்றுக்கொள். பதிவு செய்யுமுன் அந்தப் போட்டியின் விதிகளைக் கேட்டுப் படி. கம்பிக்கு அனுமதி உண்டா, ஒண்டிப் போகலாமா என்பது போட்டிக்குப் போட்டி மாறும். மழையில் ஓட்டி வந்தால் அன்றே துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விடு.

சகோதரி, உங்கள் பிள்ளை சேர்த்த காசு அவனுடைய இரண்டு ஆண்டு வியர்வை. அதை வைத்து ஏற்கெனவே ஒன்றைச் சாதித்திருக்கிறான்: ஆசைப்பட்டதற்காகக் காத்திருக்கக் கற்றுக்கொண்டான். சைக்கிள் பந்தயத்துக்கும் டிரையத்லானுக்கும் வேண்டிய குணம் அதுவே. நண்பரிடம் நன்றி சொல்லி மறுத்துவிடட்டும். தன் அளவுக்கேற்ற சாலைச் சைக்கிள் கிடைக்கும்வரை இரண்டு மூன்று கடை ஏறி இறங்கட்டும். முதல் போட்டியன்று நீங்களும் கூடப் போய்ச் சாலையோரம் நில்லுங்கள். உங்கள் முகம் தெரிந்தால் கடைசிக் கிலோமீட்டரில் அவன் மிதிக்கும் மிதியே வேறாக இருக்கும்.

அடுத்த இதழில் வேறொரு கேள்வியோடு சந்திப்போம்.